மும்பை மழையும் துணி டிரையரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூன் பிறந்து மழை பிடித்துக்கொண்டால் செம்பூர், மாட்டுங்கா, முலுண்ட், டோம்பிவிலி என்று எங்கிருந்தாவது யாராவது கூப்பிட்டு டிரையரைப் பற்றிக் கேட்காமல் இருப்பதில்லை. மற்ற எட்டு மாதமும் அந்தப் பெட்டியின் தலையில் பழைய பேப்பர்க் கட்டும் முறமும் உட்கார்ந்திருக்கும். கொடியில் போட்ட துணி மூன்று நாளாகியும் காயாமல் வாடை அடிக்க ஆரம்பித்ததும்தான் அதன் நினைவு வரும். சுவிட்சைப் போட்டால் ஓடாது. அல்லது ஓடும், துணி காயாது.

நான் பார்த்த வரையில் "டிரையர் கெட்டுப்போச்சு" என்று வருபவற்றில் நிஜமாகவே பாகம் கெட்டது குறைவு. காற்று உள்ளே போகிற வழியோ வெளியே வருகிற வழியோ அடைத்திருக்கும். அதனால் கீழே பல கேள்விகளுக்குப் பதில் காற்றில்தான் போய் நிற்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்க வீட்டுல இருக்கிறது எந்த வகை டிரையர்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பின்னாலோ பக்கத்திலோ சுமார் 4 அங்குல வட்ட ஓட்டை இருந்து, அதிலிருந்து பைப் போனால் அது காற்றை வெளியே தள்ளும் சாதா டிரையர். நம்மூரில் சுவரில் மாட்டும் சின்ன டிரையர்கள் பெரும்பாலும் இந்த ரகம். பைப் இல்லாமல், இழுத்து எடுத்துத் தண்ணீரைக் கொட்டுகிற டப்பா இருந்தால் அது கண்டென்ஸர் வகை, இல்லையென்றால் ஹீட் பம்ப். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க ஸ்டிக்கரில் உள்ள வாட் கணக்கைப் பாருங்கள். 2000 வாட்டுக்கு மேல் போட்டிருந்தால் கண்டென்ஸர். 1000 வாட்டை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருந்தால் ஹீட் பம்ப். அதன் உள்ளே ஏ.சி.யில் இருப்பதுபோல ஒரு கம்ப்ரஸர் இருக்கும். துவைப்பதும் காய வைப்பதும் ஒரே டிரம்மில் நடந்தால் அது வாஷர்-டிரையர். அதன் குணமே தனி, பின்னால் வருகிறேன்.

ரெண்டு மணி நேரம் ஓடியும் துணி ஈரமாவே இருக்கு. ஹீட்டர் போச்சா?

கதவைத் திறந்து டிரம்முக்குள் கையை விடுங்கள். உள்ளே வெந்நீர்க் குளியலறை மாதிரி சூடும் புழுக்கமுமாக இருந்தால் ஹீட்டருக்கு ஒன்றுமில்லை. ஈரக் காற்று வெளியேற முடியாமல் உள்ளேயே சுற்றுகிறது.

முதலில் பஞ்சு ஃபில்டர். ஒவ்வொரு முறை துணி போட்டு எடுத்த பிறகும் அதைச் சுத்தம் செய்ய வேண்டும், வாரத்துக்கு ஒரு தடவை போதாது. பஞ்சைக் கையால் உரித்து எடுத்த பிறகு ஃபில்டர் பளிச்சென்று தெரியலாம். ஆனாலும் குழாயடியில் அதைத் தட்டு மாதிரி பிடித்துக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நல்ல ஃபில்டரில் தண்ணீர் ஓடி இறங்கிவிடும். உங்களுடையதில் தண்ணீர் குளம் கட்டி நின்றால், துவைக்கும்போது ஊற்றுகிற வாசனை கண்டிஷனர் வலையின் கண்களில் மெழுகுபோலப் படிந்திருக்கிறது என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியாது, காற்றுக்குத் தெரியும். பாத்திரம் துலக்கும் சோப்பும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஃபில்டர் இல்லாமல் மட்டும் ஒரு தடவைகூட ஓட்டாதீர்கள். பஞ்சு முழுவதும் ஃபேனிலும் ஹீட்டரிலும் போய் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது துணியின் அளவு. 5 கிலோ டிரையர் என்றால் காய்ந்த துணி 5 கிலோ. ஏழு கிலோ வாஷிங் மெஷினில் துவைத்ததை அப்படியே அள்ளி இதில் திணித்தால் துணி புரள இடமிருக்காது; நடுவில் உருண்டையாகச் சுருண்ட பெட்ஷீட்டுக்குள் காற்றே போகாது. டிரம்மில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வரை போடுங்கள், போதும். பெட்ஷீட், ஜீன்ஸ் எதையும் பனியனோடு சேர்த்துப் போட வேண்டாம். பனியன் காயும் நேரத்துக்கு ஜீன்ஸ் காயாது.

பிழிதலையும் கவனியுங்கள். 5 கிலோ பருத்தித் துணியில், நிமிடத்துக்கு 800 சுற்றில் பிழிந்தால் மூன்றரை லிட்டர் அளவுக்குத் தண்ணீர் மிச்சமிருக்கும். 1200 சுற்றில் பிழிந்தால் இரண்டரை லிட்டருக்குச் சற்று மேலே. அந்த ஒரு லிட்டர் வித்தியாசத்தைப் பிழிந்து எடுக்க ஆகும் கரண்ட் கொஞ்சம்தான். அதையே சூடாக்கி ஆவியாக்க 0.7 யூனிட் வரை வேண்டும். ஆகவே மழைக்காலத்தில் ஒரு தடவை கூடுதலாக ஸ்பின் போட்டுவிட்டு மாற்றுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் காயவில்லை என்றால் பைப்பைக் கழற்றிப் பாருங்கள். மடிந்து நசுங்கியிருக்கும், அல்லது உள்ளே பஞ்சு படிந்து 4 அங்குலம் 2 அங்குலமாகியிருக்கும். இல்லாவிட்டால் புறா.

புறாவா?

மும்பையில் எட்டு மாதம் ஓடாத எந்த ஓட்டையும் புறாவுக்கு வீடுதான். வெளிச்சுவரில் இருக்கும் மூடித் தகடு வெயிலில் உளுத்து உடைந்திருக்கும். கழற்றினால் ஈர்க்குச்சி, கேபிள்காரர் விட்டுப்போன ஒயர்த் துண்டு, நம் வீட்டுத் துணியின் பஞ்சு எல்லாம் சேர்த்துக் கட்டிய கூடு. முட்டை இருந்தால் அது பொரிந்து குஞ்சு பறக்கும் வரை டிரையருக்கு விடுமுறை. வீட்டில் பெரியவர்கள் எடுக்க விடமாட்டார்கள், எனக்கும் மனசு வராது. எச்சத்தை எடுக்கும்போது முகக்கவசம் போட்டு, தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு எடுங்கள். காய்ந்த எச்சத்தூள் நுரையீரலுக்கு ஆகாது.

இதற்குப் பயந்து பலர் ஓட்டையின் வாயில் கொசுவலைக் கம்பியைக் கட்டிவிடுகிறார்கள். நாலே நாளில் பஞ்சு அதில் படிந்து வாயை மூடிவிடும். காற்று வரும்போது திறந்து, நின்றதும் தானே மூடிக்கொள்ளும் தகடு வைத்த மூடிதான் சரி. பால்கனி முழுவதற்கும் புறா வலை போட்டிருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. பைப்பும் பிளாஸ்டிக் வேண்டாம், அலுமினியம் போடுங்கள். எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. வளைவு ஒன்றுக்கு மேல் போனால் காற்றின் வேகம் குறையும்.

பைப்பை வெளியே விட இடமில்லை. பால்கனியிலேயே காத்து வந்தா என்ன?

ஒரு தடவைக்கு மூன்று லிட்டர் தண்ணீரை ஆவியாக்கி வீட்டுக்குள் விடுகிறீர்கள். திறந்த பால்கனியானால் பாதகமில்லை. ஜன்னல் அடைத்த டிரை பால்கனியோ (அடுப்படியை ஒட்டித் துணி துவைக்க விட்ட சின்ன இடம்) பாத்ரூமோ ஆனால் கண்ணாடியில் நீர் வழியும், சுவரில் பூஞ்சை ஏறும், பக்கத்து அறை பீரோவில் இருக்கும் பட்டுப்புடவை வரை வாடை போகும். போதாததற்கு, டிரையர் அந்த ஈரக் காற்றையே மறுபடி இழுத்துக்கொள்வதால் துணியும் காயாது. வெளியே மழை கொட்டினாலும் ஜன்னலை நான்கு விரல் திறந்து வையுங்கள். மழைக்காற்று ஈரமாக இருந்தாலும் ஹீட்டரில் சூடானதும் அது ஈரத்தை வாங்கிக்கொள்ளும்.

வெளிச்சுவரில் ஓட்டை போடுவதானால் சொஸைட்டியிடம் (கட்டட வீட்டுக்காரர் சங்கம்) எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு போடுங்கள். ஜன்னல் கண்ணாடி ஒன்றை எடுத்துவிட்டு அக்ரிலிக் பலகையில் ஓட்டை போட்டுப் பொருத்துவது சண்டை இல்லாத வழி. வாடகை வீட்டுக்கும் அதுதான் தோது.

டிரம் சுத்துது, சூடே வரலை.

சிரிக்காதீர்கள், முதலில் குமிழ் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். "சூடில்லா காற்று" என்ற நிலையில் வைத்துவிட்டு மெக்கானிக்குக்காக இரண்டு நாள் காத்திருந்த வீடுகள் உண்டு.

அது சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் தெர்மல் ஃபியூஸ். விரல் நுனி அளவில் இரண்டு முனையோடு, காற்று வரும் பாதையில் உட்கார்ந்திருக்கும். சூடு எல்லை தாண்டினால் அது உயிரை விட்டு வீட்டைக் காப்பாற்றும். போனால் திரும்ப வராது, புதிதுதான் போட வேண்டும். சில மாடல்களில் பின்புறம் ஒரு சின்ன ரீசெட் பட்டன் இருக்கும். ஆறிய பிறகு அழுத்தினால் மறுபடி ஓடும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு: ஃபியூஸின் இரண்டு முனைக்கும் நடுவே ஏறக்குறைய பூஜ்யம் ஓம் காட்ட வேண்டும். ஹீட்டர் 230 வோல்ட்டில் 2000 வாட் என்றால் சுமார் 26 ஓம், 2500 வாட் என்றால் சுமார் 21. முள் அசையவே இல்லை என்றால் ஹீட்டரின் கம்பிச்சுருள் (காயில்) அறுந்திருக்கிறது. ஒரே 2000 வாட்டை இரண்டு காயிலாகப் பிரித்து வைத்திருக்கும் மாடலில் ஒவ்வொன்றையும் தனியாக அளக்க வேண்டும்.

எலக்ட்ரானிக் சாமான் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோட்டில் தெர்மல் ஃபியூஸ் சொற்பக் காசுக்குக் கிடைக்கும். ஆனால் அதன்மேல் அச்சடித்த டிகிரியும் ஆம்பியரும் பழையதோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும். கிடைக்கவில்லை என்று ஒயரை நேரடியாக இணைத்துவிட்டுப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள். டிரையர் நன்றாகவே ஓடும், அடுத்த தடவை சூடு எல்லை தாண்டும்போது நிறுத்த ஆளிருக்காது. அத்தோடு, ஃபியூஸ் போனதற்குக் காரணம் பெரும்பாலும் அடைத்த காற்றுதான். அதைச் சரிசெய்யாமல் புது ஃபியூஸ் போட்டால் அதுவும் போகும்.

இதில் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் அதிகம். அங்கே மின்சார டிரையருக்கு இரண்டு லைன் சேர்ந்த 240 வோல்ட். ஒரு லைன் போனால் டிரம் சுற்றும், சூடு வராது. நம் வீட்டில் ஒரே ஃபேஸ், 230 வோல்ட். அந்தக் காரணம் இங்கே பொருந்தாது.

மெஷின் ஓடுற சத்தம் கேக்குது, டிரம் அசையலை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கையால் டிரம்மைத் தள்ளுங்கள். தடையே இல்லாமல் சுழன்றால் பெல்ட் அறுந்திருக்கிறது. கனமாகச் சுற்றினால் பெல்ட் இருக்கிறது. மோட்டார் "உம்ம்" என்று முனகுவதோடு நின்றால் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டரைச் சந்தேகப்படலாம். ஒரு சத்தமுமே இல்லை என்றால் கதவு சுவிட்ச். கதவை அழுத்திச் சாத்தும்போது "க்ளிக்" கேட்கிறதா பாருங்கள்.

சத்தம் பொறுக்கலை அண்ணா. கீழ் வீட்டு மாமி வந்து கேட்டுட்டாங்க.

எட்டு மாதம் சும்மா கிடந்ததும் முதல் நாள் தொம் தொம் என்று அடித்தால் பதறாதீர்கள். டிரம்மைத் தாங்கி, ஒரே இடத்தில் அமுங்கி நின்ற ரோலரும் வளைந்து நின்ற பெல்ட்டும் பழைய வடிவத்துக்கு வரக் கொஞ்ச நேரம் எடுக்கும். அரை மணி நேரம் கழித்தும் நிற்கவில்லை என்றால் ரோலர் தேய்ந்திருக்கிறது. கீச்சென்று கத்தினால் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் சின்னச் சக்கரம்.

உலோகம் உரசும் சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். நம் வீடுகளில் பாதிக் குற்றவாளி ரவிக்கை ஹூக். பிய்ந்து விழுந்து டிரம்மின் ஓரத்து ஃபெல்ட் பட்டைக்குள் சிக்கிக்கொண்டு, சுற்றும் ஒவ்வொரு முறையும் துணியைக் கீறும். சேலை ஃபால்ஸில் மெல்லிய கறுப்புக் கோடுகள் விழுந்தால் அந்தப் பட்டையை விரலால் தடவிப் பாருங்கள். ஹூக்கை மாட்டி, ரவிக்கையை உள்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டால் போதும்.

போட்ட உடனே டிரிப் ஆகுது.

மெயின் போர்டில் எந்த சுவிட்ச் டிரிப் ஆகிறது என்று பாருங்கள். "டெஸ்ட்" பட்டன் உள்ளது ஆர்.சி.சி.பி., இல்லாதது எம்.சி.பி.

எம்.சி.பி. என்றால் லோடு அதிகம். கீசர் 2000 வாட், டிரையர் 2300 வாட், இரண்டும் ஒரே லைனில் ஓடினால் 18 ஆம்பியரைத் தாண்டும். 16 ஆம்பியர் எம்.சி.பி. சற்று நேரத்தில் இறங்கிவிடலாம். டிரையருக்குத் தனி லைன், பெரிய மூன்று பின் பவர் பிளக். எக்ஸ்டென்ஷன் போர்டு கூடவே கூடாது. அரை மணி நேரம் ஓடிய பிறகு பிளக்கின் பிளாஸ்டிக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. சுட்டால் சாக்கெட் தளர்ந்திருக்கிறது, அன்றே மாற்றுங்கள். வொர்லி, வெர்ஸோவா மாதிரிக் கடலோர வீடுகளில் உப்புக்காற்றில் முனைகள் பச்சை பூத்துப்போவது சகஜம்.

ஆர்.சி.சி.பி. என்றால் கரண்ட் எங்கோ கசிகிறது. மழை ஆரம்பத்தில் இது அடிக்கடி வரும். உலோகக் குழாய்க்குள் அடைத்த ஹீட்டரானால், உள்ளே இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு தூள் சும்மா கிடந்த மாதங்களில் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கரண்ட் கசிவைப் பார்க்கும் மெகர் கருவி வைத்து அளந்து, ஹீட்டரைக் கழற்றி உலர்த்தினாலே பல நேரம் சரியாகிவிடும். "எர்த் ஒயரைக் கழட்டிட்டா டிரிப் ஆகாது சார்" என்று சொல்லும் ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். தொட்டால் சுருக்கென்று அடிக்கும் மெஷினை ஈரக் கையோடு தொடப்போவது நீங்கள்தான்.

எண்ணெய் தேச்சுக் குளிச்ச துண்டைப் போடலாமா?

போடாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள்.

சனிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியல், ஞாயிறு துவைத்தல் என்று இருக்கிற வீடுகளில் தலை துவட்டிய துண்டு, தலையணை உறை, அடுப்படித் துணி எல்லாவற்றிலும் எண்ணெய் ஊறியிருக்கும். சாதாரணத் துவையலில் அது முழுக்கப் போகாது. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போன்றவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும்போது தானாகவே வெப்பத்தை வெளியிடும். கொடியில் விரித்திருந்தால் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். டிரையரில் சூடேறிய துணியை அப்படியே குவித்து வைத்தால் போக வழியில்லை. உள்ளுக்குள் ஏறி ஏறி, மெஷினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்தும் புகையத் தொடங்கலாம். தேங்காய் எண்ணெய்க்கு இந்தக் குணம் குறைவு என்றாலும் ஃபில்டரையும் ஈரத்தை உணரும் சென்சாரையும் அது பிசுபிசுக்க வைக்கும்.

இத்தகைய துணிகளை வெந்நீரில் டிடர்ஜென்ட் கூடுதலாகப் போட்டு இரண்டு முறை துவைத்து, ஃபேன் காற்றில் காயப்போடுங்கள். மற்றத் துணிக்கும் ஒரு விஷயம்: கடைசிப் பத்து நிமிடம் டிரையர் சூடில்லாமல் ஓடுவது துணியை ஆற்றுவதற்காக. அவசரப்பட்டு நடுவில் நிறுத்தாதீர்கள். கரண்ட் போய் நின்றுவிட்டால் கதவைத் திறந்து துணியை எடுத்து உதறி விரித்துவிடுங்கள்.

கருகல் வாடை வந்தால் பிளக்கைப் பிடுங்குங்கள். "இன்னும் பத்து நிமிஷம்தானே" என்று பார்க்க வேண்டாம்.

வேற எதெல்லாம் போடக் கூடாது?

பட்டு, ஜரிகை வேட்டி, கம்பளி, ரப்பர் அடி வைத்த மிதியடி, ஃபோம் வைத்த உள்ளாடை, பெட்ரோலோ தின்னரோ பட்ட துணி. புது பருத்திச் சட்டை சுருங்கும். "இஸ்திரி ஈரம்" நிலையில் எடுத்துத் தேய்த்துவிடுங்கள்.

துணி காயறதுக்கு முன்னாடியே "முடிஞ்சது"ன்னு நின்னுடுது.

டிரம்முக்குள், கதவின் அருகே, விரல் நீளத்தில் இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கும். ஈரத் துணி அவற்றைத் தொடும்போது மெல்லிய மின்னோட்டம் போகும். அதை வைத்துத்தான் மெஷின் ஈரத்தைக் கணிக்கிறது. கண்டிஷனர் படிந்தால் ஈரம் அதற்குத் தெரியாது. வினிகர் தொட்ட துணியால் துடையுங்கள். இரண்டே இரண்டு பனியன் போட்டாலும் இதே கதை, பட்டையில் படாமலே சுற்றிக்கொண்டிருக்கும்.

தண்ணி டப்பா காலியாத்தான் இருக்கு, "நிறைஞ்சிருச்சு"ன்னு லைட் எரியுது.

அடியில் சேரும் தண்ணீரை மேலே ஏற்றும் பம்ப்பில் பஞ்சு அடைத்திருக்கிறது. கீழ்க்கதவைத் திறந்து அங்கே தேங்கிய பஞ்சை எடுங்கள். கண்டென்ஸர் வகையில் நீராவியைக் குளிரவைக்கும் உலோகப் பெட்டியை வெளியே இழுத்து, மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவை குழாயடியில் காட்டிக் கழுவலாம். ஹீட் பம்ப்பில் தகடுகள் அசையாமல் பொருத்தியிருக்கும். மென்மையான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக மட்டும் தடவுங்கள், குறுக்கே தடவினால் வளைந்துவிடும். சிலவற்றில் தானே கழுவிக்கொள்ளும் வசதி உண்டு. டப்பாத் தண்ணீரில் பஞ்சு இருக்கும், வீடு துடைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்க வாஷர்-டிரையர் காலையில நல்லா காய வைக்குது, மதியம் மாட்டேங்குது.

மதியம் குழாயில் தண்ணீர் வருகிறதா? இந்த வகையில் பல மெஷின்கள் நீராவியைக் குளிரவைக்கக் குழாய்த் தண்ணீரைத்தான் பயன்படுத்துகின்றன. முனிசிபல் தண்ணீர் வரும் நேரத்தில் மட்டும் நிரம்பும் சின்னத் தொட்டியோடு குழாயை இணைத்திருந்தால், தொட்டி காலியானதும் காய்தலும் நின்றுவிடும். இன்னொன்று, இவற்றில் துவைக்கும் அளவு வேறு, காய வைக்கும் அளவு வேறு. துவைத்ததில் கொஞ்சத்தை வெளியே எடுத்துவிட்டுத்தான் காயப்போட வேண்டும்.

கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

சாதா டிரையரில் 5 கிலோவுக்கு மூன்று முதல் நான்கு யூனிட். ஹீட் பம்ப்பில் ஏறக்குறைய அதில் பாதி, ஆனால் நேரம் கூடும், மெஷின் விலையும் கூடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓட்டினால் சாதா டிரையரில் மாதம் ஐம்பது யூனிட்டை ஒட்டி வரும். நம் பில்லில் 100, 300, 500 என்று படிகள் இருப்பதால் நீங்கள் ஏற்கெனவே எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ரூபாய்க் கணக்கு மாறும். நாலு மாதத்துக்கு மட்டும் என்றால் ஹீட் பம்ப்புக்குக் கொடுக்கும் அதிகப் பணம் திரும்பி வரப் பல வருடமாகும் என்பது என் அபிப்பிராயம். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு இந்தக் கணக்கு செல்லாது.

மழை முடிஞ்சதும் எப்படி மூடி வைக்கிறது?

தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும்போதே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி முறையாக வெறும் டிரம்மை இருபது நிமிடம் சூட்டில் ஓட்டி உள்ளே ஈரமில்லாமல் செய்யுங்கள். ஃபில்டர், பைப் இரண்டிலும் பஞ்சு ஒரு பொட்டுகூட மிஞ்சக் கூடாது. எலி அதைப் படுக்கையாக்கிக்கொண்டு ஒயரையும் கடிக்கும். தண்ணீர் டப்பாவைக் காலி செய்து கவிழ்த்து வையுங்கள். பைப்பின் இரண்டு வாயையும் பிளாஸ்டிக் பையால் கட்டி, டிரையரின் முகத்தில் "பையை எடுத்துவிட்டுப் போடவும்" என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். கரப்பானும் பல்லியும் கதகதப்பான சர்க்யூட் போர்டைத் தேடித்தான் போகும்.

மாதம் ஒரு தடவை சீட்டையும் பையையும் எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் ஓட்ட முடிந்தால் ரோலரும் ஹீட்டரும் கெடாது. மே மாதக் கடைசியில் ஒரு வெள்ளோட்டம் விட்டுப் பாருங்கள். அப்போது பெல்ட் அறுந்தால் மெக்கானிக் மறுநாளே வருவார். முதல் மழைக்குப் பிறகு கூப்பிட்டால் வாரக் கணக்கில் இழுத்தடிப்பார்.